எண்ணெய் கரை ஒதுங்கினால்: தன்னார்வலர்களுக்கான கேள்வி-பதில்

மதுரையில் கடல் இல்லை. ஆனாலும் தூத்துக்குடியிலோ மண்டபத்திலோ எண்ணெய் கரை ஒதுங்கியது என்று கேட்டால், இங்கிருந்தும் ஒரு வேன் கிளம்பிவிடும். அந்த மனசு பெரிது. அதனால்தான் இந்தக் கேள்விகளுக்கு விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ்.ஸில் 40 பேர் தயார். செய்தி வந்ததும் கிளம்பிவிடலாமா?
– திருமங்கலம் வாசகர்

வேண்டாம். கூப்பிட்ட பிறகு போங்கள். கடலில் மிதக்கும் எண்ணெயைக் கடலோரக் காவல் படை பார்த்துக்கொள்ளும். கரைக்கு வந்ததை மாவட்ட நிர்வாகம் பார்க்கும். அந்த மாவட்டத்தின் எஸ்டிடி எண்ணோடு 1077-ஐ அழைத்து, எத்தனை பேர் தேவை, யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று கேளுங்கள்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, மாணவர்களும் மீனவர்களும் வாளியால் எண்ணெயை அள்ளியதை நாடே பார்த்தது. 2007 டிசம்பரில் தென்கொரியாவின் தேயான் கரையில் எண்ணெய் ஒதுங்கியபோது, அடுத்த சில மாதங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை அள்ள வந்தார்கள். ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. வந்தவர் எங்கே நிற்கிறார், எப்போது சாப்பிட்டார், எப்போது கரையேறினார் என்று கணக்கு வைப்பதுதான் கஷ்டம்.

அதனால் இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், வயது, ரத்த வகை, வீட்டு போன் எண், ஆஸ்துமா உண்டா. பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். இருவர் இருவராக வேலை. வரும்போதும் போகும்போதும் கையெழுத்து. வெயில் ஏறினால் முக்கால் மணி வேலை, கால் மணி நிழல். உப்பு-சர்க்கரைக் கரைசல் கையில் இருக்கட்டும்.

சமையலறைக் கையுறை போதுமா? கையில் பட்டால் மண்ணெண்ணெயால் துடைக்கலாமா?
– அனுப்பானடி வாசகி

மெல்லிய உறை கிழிந்துவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் கையுறை, கம்பூட்ஸ், முழுக்கைச் சட்டை வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் கூடவே கூடாது, தோலைப் புண்ணாக்கும். தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் வழித்தெடுத்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். தலை சுற்றினாலோ கண் எரிந்தாலோ காற்று வரும் பக்கமாக விலகி வந்து, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

நான்குவழிச் சாலையில் டீசல் லாரி கவிழ்ந்து, எங்கள் கண்மாயின் வரத்துக்காலில் எண்ணெய் ஓடினால் என்ன செய்வது?
– மேலூர் விவசாயி

முதல் வேலை, குடத்தோடு ஓடி வருகிறவர்களைத் தடுப்பது. ஒரு பொறி போதும், உயிர் போய்விடும். பீடி, செல்போன், பைக் எதுவும் கிட்டே வேண்டாம். 112-க்குச் சொல்லுங்கள். கண்மாய் மடையை அடைக்கச் சொல்லுங்கள். வயலுக்குள் போன எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது.

தீயணைப்பு வீரர்கள் சரி என்ற பிறகு, லாரிக்கு நெடுந்தூரம் கீழே ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெங்காயம் வரும் வலைச்சாக்கில் காய்ந்த வைக்கோலைத் தளர்வாகத் திணித்து, வாயைக் கட்டி, சாக்கோடு சாக்கைக் கோத்துக் கால்வாயின் குறுக்கே கயிற்றில் மிதக்கவிடுங்கள். தண்ணீர் அடியில் போகும். மேலே மிதக்கும் எண்ணெயை வைக்கோல் பிடித்துக்கொள்ளும். ஊறிக் கனத்ததும் மாற்றுங்கள். ஊறிய சாக்கைக் கொளுத்தவும் கூடாது, குப்பைமேட்டில் போடவும் கூடாது. கெட்டியான தார்ப்பாயில் தனியாகக் குவித்து அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள். சோப்புத்தூளைக் கொட்டாதீர்கள். எண்ணெய் மறைந்தது போலத் தெரியும், ஆனால் தண்ணீரோடு கலந்து மீனுக்குள் போகும்.

எண்ணெய் படிந்த பறவையைக் கண்டால் குளிப்பாட்டலாமா?
– உசிலம்பட்டி மாணவி

கூடாது. இடத்தைக் குறித்து வனத்துறையிடம் சொல்லுங்கள். ஆமைக்கும் அதேதான்.

என் மகளுக்கு 17 வயது. போயே தீருவேன் என்கிறாள்.
– ஒரு தாய், செல்லூர்

எண்ணெயைத் தொடும் வேலைக்கு 18 வயது நிறையாதவர்களையும் கர்ப்பிணிகளையும் நான் அனுப்ப மாட்டேன். நான் முதலில் சொன்ன அந்தப் பெயர் நோட்டை அவள் பொறுப்பில் விடச் சொல்லுங்கள் அம்மா. கடைசி வேன் கிளம்பும் முன், போகும்போது கையெழுத்துப் போடாத பெயர் எது என்று பார்த்து, வேனை நிறுத்தச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.