பேங்காக் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப்போற அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு

தம்பி, மகளை ரெண்டாம் வகுப்புக்கு தாய்லாந்துப் பள்ளியில் சேர்க்கப்போறதா எழுதியிருந்தீங்க. காலையில் புத்தரைக் கும்பிட வைப்பாங்களாமே, பிள்ளை நம்ம சாமியை மறந்துருமோன்னு உங்க ஆச்சி அழுறாங்கன்னும் கேட்டிருந்தீங்க. நாங்க அங்கே போய் பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப லீவுக்குக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்திருக்கேன்.

காலை 8 மணிக்குக் கொடி ஏறும், தேசிய கீதம், அப்புறம் 'அரஹம் சம்மா சம்புத்தோ பகவா'ன்னு பாலி மொழியில் புத்தரைப் போற்றி ஓதுவாங்க. என் மகள் பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள் ஓதாம சும்மா நிப்பாங்க, யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. அந்தக் கவலையைச் சவத்த விடுங்க.

எனக்குப் பிடிச்சது பஞ்சசீலத்தை, அதாவது புத்த மதத்தோட அஞ்சு ஒழுக்க விதிகளைச் சொல்லித்தர்ற விதம். 'திருடாதே'ங்கிற அதட்டல் அதில் கிடையாது. 'சிக்காபதம்'னு ஒரு பாலிச் சொல் வரும். பயிற்சி விதின்னு வச்சுக்கோங்க. தனக்குக் கொடுக்காததை எடுக்காம இருக்கப் பழகுறேன்னு பிள்ளையே தன் வாயால் சொல்லும். என் மகள் யாரோட ரப்பரையோ எடுத்துட்டு வந்தப்ப நான் கத்துன கத்துல வீடே அதிர்ந்துச்சு. டீச்சர் அதைத் திருப்பிக் கொடுக்க வச்சு, அந்த வரியை மறுபடி சொல்ல வச்சாங்க, அவ்வளவுதான்.

பள்ளி மே மாசம் திறக்கும். ஜூன்ல ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ', குரு வணக்கம். தட்டில் மூணு பொருள் முக்கியம்: இட்லிப்பூ, அதன் மொட்டு ஊசி மாதிரி இருக்கிறதால கூர்மையான புத்திக்கு, அருகம்புல், மிதிச்சாலும் படர்றதால விடாமுயற்சிக்கு, கத்தரிப்பூ, காய்க்கும்போது தலை குனியிறதால பணிவுக்கு. எங்க அம்மாகிட்ட சொன்னேன். "பிள்ளையாருக்கு வைக்கிறதையா வாத்தியாருக்கு வைக்கானுவ?"ன்னு அசந்துட்டாங்க.

குறையும் உண்டு. அந்தப் பணிவு கூடிப்போய் வகுப்பில் யாரும் கைதூக்கிக் கேள்வி கேக்கிறதில்லை. குரு சொல்லிட்டாரேன்னு எதையும் ஏத்துக்காதீங்கன்னு காலாமர்ங்கிற குலத்தாருக்குச் சொன்னவரே புத்தர்தான்! என் மகளும் மூணாம் வகுப்புக்குள்ள வாயை மூடிட்டா. ராத்திரிச் சாப்பாட்டில் நாங்கதான் வம்புக்கு இழுத்துப் பேச வைக்கோம். நீங்களும் அதை விட்டுராதீங்க.

கிளம்புறதுக்குள்ள காலை மடக்கி ஒருபக்கமா வச்சு உக்காரப் பழக்குங்க. பாதம் புத்தர் சிலையையோ பிக்குவையோ பார்த்து நீளக் கூடாது. திண்ணையில் காலை நீட்டிப் பழகின நம்ம ஊர்ப் பிள்ளைக்கு ஓதுறதைவிட இதுதான் பெரிய கஷ்டம்.