மாங்கூழ் ஆலையில் ஞாயிறு ஷிஃப்ட்

சகோதரி, மாம்பழ சீசன் முடியும்வரை கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் ஞாயிறும் ஷிஃப்ட், சபைக்குப் போக முடியவில்லை, தேவனை விட்டு விலகிவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. வேதாகமத்தில் ரோமர் 12:1 நம் சரீரத்தை ஜீவபலியாக, அதாவது உயிருள்ள காணிக்கையாக, கொடுப்பதைத்தான் புத்தியுள்ள ஆராதனை என்கிறது, அந்தச் சரீரம்தானே நாள் முழுக்க ஈரத்தில் நின்று பழம் கழுவுகிறது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்று கொலோசெயர் 3:23-இல் பவுல் எழுதியது போதகர்களுக்கு அல்ல, முந்தின வசனத்தைப் பாருங்கள், வேலைக்காரருக்கு! முகம் தெரியாத ஏதோ ஒரு பிள்ளை குடிக்கப்போகிற ஜூஸ் என்று நினைத்து, யாரும் பார்க்காதபோதும் அழுகலை ஒதுக்குகிறீர்களே, எனக்கு அது ஜெபமாகத்தான் தெரிகிறது. அதற்காகச் சபையை விட்டுவிடாதீர்கள், அதுவும் வேண்டும். வார நாளில் ஜெபக்கூட்டம் உண்டா என்று போதகரிடம் கேளுங்கள், அப்புறம் இங்கே எழுதுங்கள்.