கப்பல் தண்ணில வர்ற வெளிநாட்டு ஆழி (சிப்பி வகை): கடலூர், புதுச்சேரிக்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

பரங்கிப்பேட்டைல கடலுயிரியல் படிச்சவன்ங்கறதால கேக்குறீங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அண்ணே, கப்பல் எதுக்கு தண்ணிய சுமக்குது?

சரக்கு இல்லாம போனா கப்பல் மேல தூக்கிக்கும் தம்பி, ப்ரொப்பெல்லர் சரியா முங்காது, காத்தடிச்சா ஆட்டம் தாங்காது. அதனால சரக்க எறக்குற எடத்துல கடல் தண்ணிய டாங்க்ல ஏத்திக்கிட்டு, அடுத்த துறைமுகத்துல சரக்கு ஏத்தும்போது வெளிய விடுவாங்க. அதான் பேலஸ்ட் தண்ணி. ஆழி, நண்டோட குஞ்சுங்க, பாசி, கிருமி எல்லாம் அதுலயே வந்துடும்.

கேள்வி: கடலூர் முதுநகர்ல பெரிய கப்பலே கெடையாதே சார், நமக்கென்ன?

இதத்தான் எல்லாரும் சொல்றாங்க, எனக்கு ரொம்ப கவலையா இருக்கறதும் இதுதான். எண்ணூர்ல கொசஸ்தலை ஆத்த பாருங்க, காக்கா ஆழின்னு ஒண்ணு, தென் அமெரிக்கா பக்கத்து உயிரு, கப்பல் வழியா வந்திருக்கணும்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, இப்ப அடிசேறு மேல பாய் விரிச்ச மாதிரி மூடிக்கிட்டு எறால் பொதைய எடமில்லாம பண்ணிடுச்சு, கையால எறால் புடிச்சு பொழைச்சவங்க பாடு திண்டாட்டம். கேரளால அஷ்டமுடி காயலும் இப்படித்தான் மாட்டுச்சு. உப்பு கொறஞ்ச தண்ணி, கூடுன தண்ணி ரெண்டுலயும் தாக்குப்பிடிக்கும், அப்போ நம்ம பக்கத்து உப்பனாறு, தேங்காய்த்திட்டு, வெள்ளாறு எதுலயும் அதால பொழைக்க முடியும். மொத தாவல்தான் கப்பல்ல. அடுத்த தாவல் போட்டோட அடிப்பலகைல ஒட்டிக்கிட்டும் நடக்கும், வடக்கேருந்து வர்ற போட்டு ஒண்ணு போதும்.

கேள்வி: சட்டம் ஒண்ணும் இல்லயா?

இருக்கு. 2004ல சர்வதேச ஒப்பந்தம் போட்டு 2017 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. மொதல்ல, கரைலேருந்து 200 கடல் மைலுக்கு அப்பால தண்ணிய மாத்துனா போதும்னு இருந்துச்சு, அந்த ஆழ்கடல்ல கரையோர உயிருங்க பொழைக்காது. 2024 செப்டம்பர்லேருந்து அது பத்தாது, ஃபில்டர், யூவி (புற ஊதா ஒளி), குளோரின்னு சுத்தம் பண்ணித்தான் விடணும். ஆனா கப்பல் அடில ஒட்டிக்கிட்டு வர்றத இந்த சட்டம் தொடவே இல்ல.

கேள்வி: காலராவும் வருமாமே?

வரும். 1991, 92 வாக்குல அமெரிக்காவோட மொபீல் துறைமுகத்துல கப்பல் தண்ணில அந்தக் கிருமி இருந்துச்சு.

கேள்வி: வந்துட்டா அழிக்க முடியாதா அண்ணே?

ஆஸ்திரேலியா டார்வின்ல 1999ல ஒருவகை கருப்பு ஆழிய (1967லயே நம்ம விசாகப்பட்டினத்துக்கு வந்தது அது) சில வாரத்துல ஒழிச்சாங்க. கதவு வெச்ச படகுத்துறை, அதனால பூட்டிட்டு குளோரினும் மயில்துத்தமும் கொட்டுனாங்க, உள்ள இருந்த மத்த உயிரும் சேந்து செத்துச்சு. உப்பனாத்துக்கு எந்தக் கதவ போடுறது? ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாத்தான் உண்டு.

கேள்வி: நாங்க என்ன பண்ணணும்?

போட்ட கரையேத்தி சொரண்டுறப்போ அத தண்ணில தள்ளாதீங்க, மேட்டுல காய விடுங்க. பாலத்து தூண், கட்டைல கருப்பா, சின்னதா, நார் விட்டு கொத்துக்கொத்தா புது ஆழி தெரிஞ்சா போட்டோ எடுத்து மீன்வளத்துறை ஆபீஸ்ல காட்டுங்க. விலை போகுதேன்னு வெளியூர்லேருந்து உயிரோட கொண்டாந்து நம்ம ஆத்துல மட்டும் விட்டுடாதீங்க.