மாணிக்கம் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்?

கேள்வி: என் அப்பா புதுச்சேரியில் ஆட்டோ ஓட்டுகிறார். டிவியில் 'பாட்ஷா' போட்டுவிட்டால் சவாரிக்குக் கூப்பிட்டாலும் போக மாட்டார். போன வாரம் நான், "எத்தன தடவப்பா இதையே பாப்ப? பாதிப் படம் வரைக்கும் ஹீரோ கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். இப்ப வர்ற படத்துல பத்து நிமிஷத்துக்கு ஒரு ஃபைட் வருது" என்று சொல்லிவிட்டேன். டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனவர், இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது? அப்பாவை எப்படிச் சமாதானப்படுத்துவது?
– கல்லூரி மாணவர், முதலியார்பேட்டை

பதில்: தம்பி, நீ அந்தப் படத்தை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். போனில் ஓடும் ஒரு நிமிடத் துண்டுகளில் பார்த்திருப்பாய். கோட்டு போட்டு நடந்து வருவது, விரலை நீட்டி வசனம் பேசுவது, கூட்டம் விலகி வழிவிடுவது எல்லாம் அதில் இருக்கும். அவற்றை மட்டும் பார்ப்பவருக்கு 'இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்' என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. அந்த நடைக்கு முன்னால் இருக்கிற காத்திருப்பு துண்டில் வராது. நீ குறையாகச் சொன்னாயே, ஹீரோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று, அந்தப் படத்தின் ஸ்டைலே அதுதான்.

1995 பொங்கலுக்கு வந்த படம். 'அண்ணாமலை', 'வீரா' படங்களுக்குப் பிறகு சுரேஷ் கிருஷ்ணா ரஜினியை வைத்து எடுத்தது. கதைக் கருவும் அப்படியொன்றும் புதிதில்லை. 1991-ல் வந்த 'ஹம்' என்ற இந்திப் படத்தின் சாயல் இதில் உண்டு. அதில் அமிதாப் பச்சனுக்குத் தம்பியாக ரஜினியே நடித்திருக்கிறார். ஆக, முப்பது வருஷமாக ஜனங்களை உட்கார வைப்பது கதை இல்லை. கதையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிற விதம்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ஆட்டோ ஓட்டும் மாணிக்கமாக வருகிறவர் ரஜினி. அந்த மாணிக்கம் தன் தங்கைக்கு மெடிக்கல் சீட் கேட்டுக் கல்லூரி முதலாளியிடம் போகிறான். ரொம்பப் பணிவாகத்தான் கேட்கிறான். அந்த ஆள் தகாத பேச்சுப் பேசுகிறான். நமக்கு ரத்தம் கொதிக்கிறது. தியேட்டரில் எல்லோருக்கும் இப்போது ரஜினி அடிக்கப் போகிறார் என்று தோன்றும். அவர் அடிக்கவில்லை. தங்கையை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தனக்கு இன்னொரு பெயர் இருக்கிறது என்கிறான் மாணிக்கம். அதற்கு மேல் நமக்கு எதுவும் கேட்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைவதும் கை அசைவதும் மட்டும் தெரியும். எதிரே இருப்பவனின் முகம் வெளுத்துப் போகிறது. சீட் கிடைத்துவிடுகிறது. என்ன சொன்னாய் என்று தங்கை கேட்டால், "உண்மையச் சொன்னேன்" என்று சிரிக்கிறான். ஒரு குத்து இல்லை, ஒரு துளி ரத்தம் இல்லை. ஆனால் அந்த உண்மை என்னவென்று தெரிந்துகொள்ளாமல் இனிமேல் யாராலும் எழுந்து போக முடியாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு சண்டை வைக்கும் படங்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அங்கே நாம் எதற்கும் ஏங்குவதே இல்லை.

அப்புறம் அந்தக் கம்பக் காட்சி. தம்பிக்கு வந்த வம்பைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, கம்பத்தில் கட்டப்பட்டு, தெருவே பார்க்க மாணிக்கம் அடிவாங்குகிறான். ரஜினி அடிவாங்கினால் ரசிகர்கள் பொறுப்பார்களா என்று தயாரிப்புத் தரப்பிலேயே பயந்திருக்கிறார்கள். இயக்குநர் பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். பயந்ததில் நியாயமும் இருந்தது. அன்றைக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அவர் இருந்த உயரம் அப்படி. அந்த அடியை வாங்கியதால்தான், தங்கை மேல் கைவைத்தவர்களை மாணிக்கம் திருப்பி அடிக்கும்போது தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போனது. ஓடிவரும் தம்பியிடம் அவன் சொல்வதும் "உள்ளே போ" என்று இரண்டே சொல்தான். வசனம் பாலகுமாரன். லாரித் தொழிலை வைத்து 'இரும்பு குதிரைகள்' எழுதியவர். வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் எப்போது பேசுவார்கள், எப்போது வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மாணிக்கம் ஏன் இப்படி அடங்கிக் கிடந்தான் என்பது பம்பாய்க் கதை வரும்போது புரியும். சாகும் தறுவாயில் அப்பா கேட்டுக்கொண்டதற்காகத்தான் அவன் அங்கே பாட்ஷா என்ற தாதாவாக வாழ்ந்த வாழ்க்கையை விட்டுவிட்டுக் காக்கிச் சட்டை போடுகிறான். அந்த வாக்கைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதைத்தான் முதல் பாதி முழுக்க நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைக் கட்டிக் காப்பதற்கு எதிரே ஒரு சரியான வில்லன் வேண்டுமே! மார்க் ஆண்டனியாக ரகுவரன் இல்லாத பாட்ஷாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. குரலை உயர்த்தாமல் பேசியே நடுங்க வைப்பார். கோபத்தை அடக்கி வைத்த இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள், அதில் வருகிற சூடு தனி. தேவாவின் பின்னணி இசையும் எப்போது வர வேண்டும் என்று காத்திருந்து வருகிறது. காதல் பகுதி எனக்கும் இழுவைதான், சுருக்கியிருக்கலாம்.

இப்போது உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு எந்த ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாலும், மாலை போட்ட வண்டிகளுக்கு நடுவே எஸ்.பி.பி. குரலில் 'நான் ஆட்டோக்காரன்' கேட்கும். அந்தப் பாட்டு மட்டும்தான் அவரை இழுக்கிறது என்று நினைத்துவிடாதே. புதுச்சேரி புது பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு நாள் நின்று பார். "பீச்சுக்கு இவ்வளவா?" என்று முகத்தில் அடித்த மாதிரி கேட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். வெயிலில் வரிசையில் நின்று, தன் முறை வரும்போது வேறொரு வண்டி நடுவில் புகுந்து சவாரியை ஏற்றிக்கொண்டு போகும். திருப்பிச் சொல்ல வார்த்தை இருக்கும், தெம்பும் இருக்கும். ஆனால் வீட்டில் பிள்ளைக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டும். விழுங்கிக்கொண்டு அடுத்த சவாரியைப் பார்ப்பார்கள். தம்பி தங்கைகளின் படிப்புக்காக அடங்கிப்போகிற மாணிக்கத்தை உன் அப்பா ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? அந்தப் பொறுமையைப் பார்த்து நீ 'கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான்' என்றாய். அது படத்தோடு நின்றிருக்காது, அவர் மனசிலும் தைத்திருக்கும். தெரிந்து சொல்லவில்லை என்பது எனக்குப் புரிகிறது, அவருக்கும் புரியும்.

காலில் விழுகிற மாதிரி பெரிய மன்னிப்பெல்லாம் வேண்டாம். அவருக்கும் சங்கடமாக இருக்கும். "அப்பா, அந்தப் படத்த நான் முழுசாப் பாத்ததில்ல, ஒருநாள் சேந்து பாக்கலாமா?" என்று கேள். சனி, ஞாயிறைத் தொடாதே. வெளியூர்க் கூட்டம் பீச்சில் நிறைகிற அந்த இரண்டு நாள்தான் அவருக்கு நாலு காசு வரும். செவ்வாய், புதன் மாதிரி ஒரு ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு பார். விளம்பரத்தோடு டிவியில் வேண்டாம். 2017-ல் டிஜிட்டலில் சுத்தம் செய்து மறுபடி தியேட்டருக்கே கொண்டுவந்த படம். அந்த நல்ல பிரதியாகத் தேடிப் போடு. போனை வேறு ரூமில் வைத்துவிட்டு வா.

நடுவில் கேள்வி கேள். முதல் தடவை எங்கே பார்த்தார், ரத்னா தியேட்டரா, ஆனந்தா தியேட்டரா? யாரோடு போனார்? டிக்கெட் எப்படிக் கிடைத்தது? இதற்கெல்லாம் பதில் சொல்லாத அப்பாவை நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்த பிறகும் படம் உனக்குப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்றே சொல். எந்த இடம் இழுவை, எது தேவையில்லை என்று விவரமாகச் சொல். முழுசாகப் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறவனோடு அவரும் சரிக்குச் சரி சண்டை போடுவார். பேச்சு தானாகத் திரும்பிவிடும்.