எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் மூன்று ஓஎஸ்: எது நடக்கும், எது வேண்டாம்

கேள்வி: புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. பழைய லேப்டாப்பின் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் விண்டோஸ் 10, உபுண்டு, டெபியன் மூன்றையும் போட்டு, வேண்டியதை வேண்டியபோது பூட் செய்ய முடியுமா? உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது.

பதில்: உபுண்டுவும் டெபியனும் (இரண்டும் லினக்ஸ் வகை ஓஎஸ்கள்) தாராளமாக ஓடும். முரண்டு பிடிப்பது விண்டோஸ்தான். யூஎஸ்பியில் இணைந்த டிஸ்க் என்று தெரிந்தாலே அதன் செட்டப் நிறுவ மறுத்துவிடும். யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து விண்டோஸை ஓட்டவென்றே இருந்த 'விண்டோஸ் டு கோ' வசதியையும் மைக்ரோசாஃப்ட் 2020-இல் எடுத்துவிட்டது. ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் இன்றும் செய்யலாம். ஆனால் அது முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டுத்தான் எழுதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் யூஎஸ்பி வழியாக விண்டோஸ் ஓடுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஏதோ ஒரு பழைய மென்பொருளுக்காகத்தான் அது வேண்டுமென்றால், விண்டோஸ் 11-க்குள்ளேயே வர்ச்சுவல் மெஷினில் (மென்பொருளால் உருவாக்கும் போலிக் கம்ப்யூட்டரில்) போட்டுக்கொள்ளுங்கள்.

லினக்ஸுக்கு வருவோம். உங்கள் பயம் நியாயமானது. ஓஎஸ் எந்த டிஸ்க்கில் உட்காருகிறது என்பதைவிட, பூட்லோடர் (லேப்டாப்பை ஆன் செய்ததும் ஓஎஸ்ஸை எழுப்பும் சிறு நிரல்) எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் முக்கியம். உள் டிஸ்க்கில் பூட்லோடருக்கென்றே ஏற்கெனவே ஒரு சின்ன ஈஎஃப்ஐ பார்டிஷன் இருக்கும். 22.04 பதிப்பு வரை வந்த உபுண்டு இன்ஸ்டாலருக்கு ஒரு கெட்ட பழக்கம்: பூட்லோடருக்கு நீங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும், கிரப்பை (லினக்ஸின் பூட்லோடர்) உள் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பார்டிஷனிலேயே எழுதிவிடும். அப்புறம் கேபிளைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை ஆன் செய்தால், கறுப்புத் திரையில் 'கிரப்>' என்று மட்டும் நிற்கும். விண்டோஸ் அழியவில்லை, ஆனால் நமக்கு உயிர் போய்விடும்.

இதைத் தவிர்க்க நிச்சயமான வழி, நிறுவும் நேரத்துக்கு மட்டும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வைப்பது. வாரண்டி பயம் இருந்தால் வேறு வழி உண்டு. லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்து, பார்டிஷன்களை மாற்றும் ஜிபார்டெட் மென்பொருளைத் திறந்து, உள் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பார்டிஷனில் 'பூட்', 'ஈஎஸ்பி' என்ற இரு ஃபிளாக்குகளையும் எடுத்துவிடுங்கள். நிறுவி முடிந்ததும், ரீஸ்டார்ட் செய்யும் முன் மறக்காமல் திரும்ப வையுங்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருப்பதை பேக்கப் எடுத்துவிட்டு, புதிதாக ஜிபிடி டேபிள் (டிஸ்க்கின் பார்டிஷன் பட்டியல்) போடுங்கள். முதலில் 512 எம்பிக்கு ஃபேட்32-இல் ஈஎஃப்ஐ பார்டிஷன். பிறகு உபுண்டுக்கு 60, டெபியனுக்கு 60 ஜிபி போதும். மீதியை எக்ஸ்ஃபேட்டாக வைத்தால் விண்டோஸிலும் திறக்கும்.

உபுண்டுவை முதலில் போட்டு, டெபியனைக் கடைசியில் போடுங்கள். டெபியனின் எக்ஸ்பர்ட் முறையில், கிரப்பை 'ரிமூவபிள் மீடியா' பாதையிலும் எழுதவா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். வேறு கம்ப்யூட்டரில் செருகினால், முன்பின் தெரியாத டிஸ்க்கில் அந்தக் கம்ப்யூட்டர் தேடிப் பார்ப்பது அந்த ஒரு பாதையைத்தான். மெனுவில் மற்ற லினக்ஸ் தெரியவில்லையா? கிரப் 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடிப்பிடிக்கும் 'ஓஎஸ் புரோபர்' இயல்பாகவே அணைந்திருக்கும். இரண்டு லினக்ஸிலும் கிரப் செட்டிங் ஃபைலில் அதை இயக்கி, மெனுவைப் புதுப்பியுங்கள்.

செக்யூர் பூட்டை (நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். உபுண்டு, டெபியன் இரண்டுக்கும் அப்படி அணைக்கத் தேவையே இல்லை. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும் லேப்டாப்பில் செக்யூர் பூட்டில் கைவைத்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கும். எதற்கும் அந்தக் கீயை முதலிலேயே குறித்து வையுங்கள். ஓஎஸ் மாற, பூட் வரிசையை மாற்றாமல் ஒருமுறை பூட் மெனுவைப் பயன்படுத்துங்கள்: டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9.

கேபிளை ஹப்பில் செருகாமல் நேரடியாக லேப்டாப்பின் யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். யூஎஸ்பி 2 தருவது 500 மில்லி ஆம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அது போதாமல் 'டிக் டிக்' என்று நின்றுவிடக்கூடும்.

எல்லாம் முடிந்ததும், டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை ஆன் செய்து பாருங்கள். நேராக விண்டோஸ் வர வேண்டும். 'கிரப்>' வந்தால், பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்து உள்ளே போய்விடலாம். பிறகு பயாஸ் பூட் வரிசையில் அதையே மேலே ஏற்றிவிடுங்கள்.