வெளிநாட்டு உதவியில் போடும் வீதியின் கணக்கை ஊர்ச் சங்கம் கேட்கலாமா?

கேள்வி: வாகரைப் பக்கம் எங்கள் ஊரில் வெளிநாட்டு நிதியில் கொங்றீட் வீதி போடுகிறார்கள். கிராம அபிவிருத்திச் சங்கம் கணக்குப் பார்க்க முடியுமா?

முடியும். இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகங்களோடு வெளிநாட்டு நிதியில் பெரிதும் தங்கிப் பொதுச்சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் இப்படி?" என்று எழுதாமல் ஆவணத்தைக் கேளுங்கள்: ஒப்பந்தம், அளவு விலைப் பட்டியல், கொடுப்பனவுச் சீட்டுகள். முடிவைச் சொல்ல 14 வேலை நாள் உண்டு. மறுத்தால் மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஆனால் கடதாசி வருமுன் கொங்றீட் இறுகிவிடும். அதனால் கொட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் 45 கனமீற்றர். தடிப்பு 12.5 ஆனால் 37.5தான்; ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. ஓரத்தில் அளந்து ஏமாறாதீர்கள், கொங்றீட்டைத் தடுக்க இருபக்கமும் அடிக்கும் பலகையருகே எப்போதும் சரியாகத்தான் இருக்கும். இரு பலகைக்கும் குறுக்கே நூல் கட்டி, நடுவில் நிலம் வரை அளவுநாடாவை இறக்குங்கள். திகதியோடு படம் எடுங்கள்.

வேலை முடிந்ததென்ற கடிதத்தில் சங்கத் தலைவர் முற்கூட்டியே கையெழுத்து வைப்பதுதான் வழக்கமான பிழை. டிசம்பர் மழைக்குள் நிதியை முடிக்கும் அவசரத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.