பழைய டிராஃப் கோப்புகளை வலைப்பக்கமாக்க, எல்லாவற்றையும் மார்க்டவுனில் திரும்ப எழுத வேண்டுமா?

வேண்டாம். ஆவணத்தில் கை வைக்காதீர்கள், மேக்ரோவை மட்டும் மாற்றி எழுதுங்கள். டிராஃப் என்பது யூனிக்ஸ் இயங்குதளத்தில் உரையை அச்சுக்கு வடிவமைக்கும் பழைய நிரல். புள்ளியில் தொடங்கும் வரிகள்தான் அதற்குக் கட்டளை. பல கட்டளைகளைச் சேர்த்து ஒரு பெயர் வைத்தால் அது மேக்ரோ, அப்படித் தயாராகக் கிடைக்கும் ஒரு மேக்ரோ தொகுப்புதான் எம்எஸ். மார்க்டவுன் என்பது எளிய குறிகளோடு உரை எழுதும் முறை.

எம்எஸ் மேக்ரோவில் எழுதிய கையேடுகள் அலுவலகத்தில் ஏராளமாகக் கிடக்கின்றன, மேலாளர் அவற்றை இணையத்தில் ஏற்றச் சொல்கிறார், கூட இருப்பவர்கள் மார்க்டவுனுக்கு மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோப்புகளை எழுதியவர் நீங்களாக இருக்க முடியாது. எழுதியவர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போயிருப்பார். புள்ளியில் தொடங்கும் வரிகளைப் பார்த்ததும் அங்கே யாரும் கிட்டே போக மாட்டார்கள். இதே நிலைமையில் நான் இருந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்னையில் பிணைய (நெட்வொர்க்) கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆவண எழுத்தாளராக இருந்தேன். கருவியின் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம் உண்டு. கட்டளையை எழுதும் முறை, விருப்பத் தேர்வுகள், இயல்பு மதிப்பு, எச்சரிக்கை, உதாரணம் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாமே சாதாரண உரைக் கோப்புகள். தொண்ணூறுகளில் அங்கே இருந்த ஒரு மூத்த பொறியாளர், எம்எஸ் தொகுப்புக்கு மேலே அலுவலகத்துக்கென்று சில மேக்ரோக்களைச் சேர்த்திருந்தார். எச்சரிக்கைக்கு ஒன்று, இயல்பு மதிப்புக்கு ஒன்று, கட்டளை எழுதும் முறைக்கு ஒன்று. "இங்கே தடித்த எழுத்து, இங்கே ஒரு அங்குலம் உள்ளே தள்ளு" என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. இது எச்சரிக்கை, இது இயல்பு மதிப்பு என்று பெயர் மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நான் மதிக்கும் பொறியாளர்களில் அவர்தான் முதல் ஆள்.

அச்சுப் பிரதியை நிறுத்திவிட்டு எல்லாம் வலையில் வரட்டும் என்று முடிவானபோது, ஒரு விலை உயர்ந்த மென்பொருளை வாங்கி, பழைய கோப்புகளை வெளி ஒப்பந்தக்காரர் மூலம் அதில் ஏற்றுவதாகத் திட்டம். மாதிரிக்குச் சில பக்கங்கள் வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. எச்சரிக்கைகள் எல்லாம் வெறும் தடித்த பத்திகளாக மாறியிருந்தன. இயல்பு மதிப்பு மேல் பத்தியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதாவது ஒப்பந்தக்காரர் அச்சுப் பிரதியின் தோற்றத்தைப் பார்த்து நகல் எடுத்திருக்கிறார். மூலத்தில் இருந்த பெயர்கள் அத்தனையும் போய்விட்டன. ஒரு தடவை போனால், ஆயிரக்கணக்கான பத்திகளில் எது எச்சரிக்கை என்று மனிதர்தான் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும்.

நான் செய்தது இதுதான். எம்எஸ் தொகுப்பை ஏற்றாமல், அதே பெயர்களில் இன்னொரு மேக்ரோ கோப்பு எழுதினேன். டாட் பிபி என்ற பத்தி மேக்ரோ வந்தால் அச்சுக்கு இடைவெளி விட்டு உள்ளே தள்ளும் அல்லவா, என் கோப்பில் அது வலைப்பக்க மொழியான ஹெச்டிஎம்எல்லின் பத்திக் குறியை, அதாவது பி டேக்கை, அப்படியே உரையாக வெளியிடும். எச்சரிக்கை மேக்ரோ, எச்சரிக்கை என்ற வகுப்புப் பெயரோடு (கிளாஸ்) டிவ் என்ற பகுதி டேக் ஒன்றைத் திறக்கும். கட்டளை வரியில் எந்த மேக்ரோ கோப்பைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே மூலத்திலிருந்து அச்சுப் பிரதியும் வரும், வலைப்பக்கமும் வரும். எந்தக் கோப்பை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் மேக்ஃபைலில் இரண்டு விதி, அவ்வளவுதான்.

சொல்லும்போது சுலபம். வேலை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், நீங்களும் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

முதலில் டிராஃப் தன்னை ஒரு அச்சு இயந்திரமாகவே நினைத்துக்கொண்டிருக்கும். வரியின் இரு ஓரத்தையும் சமமாக்க இடைவெளி சேர்க்கும், நீண்ட சொல்லை உடைத்துச் சிறுகோடு போடும், பக்கம் நிரம்பும்வரை வெற்று வரிகளால் அடைக்கும். உடைந்த சொல் அப்படியே உலாவியில் நடுவரியில் சிறுகோட்டோடு வந்து நிற்கும். ஆகவே மேக்ரோ கோப்பின் தலையிலேயே டாட் என்ஏ, டாட் என்ஹெச் இரண்டையும் போட்டு, ஓரம் சமமாக்குவதையும் சொல் உடைப்பதையும் நிறுத்துங்கள். கோப்பு முடியும் இடத்தில், பக்க நீளத்தை அப்போதிருக்கும் இடத்தோடு முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோப்பின் வாலிலும் வெற்று வரிகள் தொங்கும்.

அடுத்தது மூடும் டேக். எம்எஸ்ஸில் பத்திக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. அடுத்த பத்தி வந்தால் முந்தியது முடிந்தது என்று பொருள். தலைப்பு இன்னும் சங்கடம். டாட் எஸ்ஹெச் என்று ஒரு வரி, தலைப்பு அடுத்த வரியில். அது எங்கே முடிகிறது என்பதை அடுத்து வரும் பத்தி மேக்ரோதான் சொல்லும். அதனால் இப்போது என்ன திறந்திருக்கிறது என்பதை ஒரு எண் பதிவேட்டில் (எண்ணை நினைவில் வைக்கும் டிராஃப் மாறி) வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேக்ரோவும் தொடங்கும்போது திறந்திருப்பதை மூடும் ஒரு சிறு மேக்ரோவை முதலில் அழைக்க வேண்டும். ஹெச்டிஎம்எல்லில் பத்தியை மூடும் டேக் கட்டாயமில்லையே என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். ஆனால் தலைப்புக்கும் டிவ்வுக்கும் கட்டாயம். எல்லாவற்றையும் ஒரே முறையில் மூடினால் பிறகு தலைவலி இல்லை.

மூன்றாவது, ஆம்பர்சண்ட். உரையில் வரும் ஆம்பர்சண்டையும் கோணக் குறிகளையும் ஹெச்டிஎம்எல் கேட்கிற வடிவுக்கு மாற்ற, முன்னாலேயே, உரையில் தேடி மாற்றும் செட் (sed) கட்டளை ஒன்று போட்டால் போதும் என்று எல்லோருக்கும் தோன்றும். டிராஃபில் பின்சாய்கோடும் ஆம்பர்சண்டும் சேர்ந்து வந்தால் அது அகலமில்லாத ஒரு குறி. வரி புள்ளியில் தொடங்கினாலும் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்ல அதைத்தான் வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் அந்தக் குறி அத்தனையும் உடையும். பின்சாய்கோடு முன்னால் இல்லாதவற்றை மட்டும் மாற்றுங்கள்.

நான்காவதுதான் உண்மையான எல்லை. வரி நடுவே பின்சாய்கோடு, எஃப், பி என்று போட்டு எழுத்தைத் தடிப்பாக்குவார்கள் இல்லையா, அது மேக்ரோ அல்ல. அதை மறுவரையறை செய்ய முடியாது. டிராஃபின் முனையத்துக்கான வடிவமான என்ராஃபின் வெளியீட்டிலிருந்து நான் அதைப் பிடித்தேன். பழைய தட்டச்சு முனையங்களில் தடித்த எழுத்து வேண்டுமென்றால் ஒரு எழுத்தை அடித்து, ஒரு இடம் பின்னே போய், அதே எழுத்தின் மேல் மறுபடி அடிப்பார்கள். டிராஃபின் இன்றைய வடிவமான க்ராஃபிடம் கேட்டால் இன்றும் அந்த முறையில் வெளியீடு தரும். ஒரே எழுத்து, பின்னகர்வு, அதே எழுத்து என்று வந்தால் தடிப்பு. அடிக்கோடு, பின்னகர்வு, எழுத்து என்று வந்தால் சாய்வு. ஒரு சின்ன பெர்ல் நிரல் அதைப் படித்து டேக்காக்கிவிடும்.

இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். டாட் டிஎம் என்ற கட்டளை, கொடுத்த செய்தியைப் பிழை வெளியீட்டுக்கு அனுப்பும். புத்தகத்துக்குப் பொருளடக்கமும் சொல்லடைவும் தயாரிக்க அந்தக் காலத்திலிருந்தே அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு தலைப்பையும் அதன் நங்கூரப் பெயரையும் (அந்த இடத்துக்கு இணைப்புத் தரும் பெயர்) டாட் டிஎம் வழியாக வெளியே எடுத்து, எல்லாக் கோப்புகளிலிருந்தும் சேர்த்து, பக்கவாட்டுப் பட்டியலைத் தானாகக் கட்ட வைத்தேன். பிறகு கைப்பேசிக்கு ஏற்ற வடிவம் வேண்டும் என்றார்கள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் மட்டும் வேலை இருந்தது. கையேட்டில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

க்ராஃபிலேயே ஹெச்டிஎம்எல் வெளியீடு இருக்கிறதே, எதற்கு இவ்வளவு சுற்று என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இருக்கிறது. ஜேம்ஸ் கிளார்க் 1990 இல் வெளியிட்ட க்ராஃபுக்கு, கையஸ் மல்லி பின்னால் எழுதிச் சேர்த்த பகுதி அது. சமன்பாடுகளையும் பிக் என்ற வரைபட மொழியில் எழுதிய படங்களையும் பிஎன்ஜி படமாக்கித் தரும். சாதாரண எம்எஸ் ஆவணத்துக்கு முதலில் அதையே ஓட்டிப் பாருங்கள், போதுமானால் நிறுத்திக்கொள்ளுங்கள். எங்களுக்குப் போதவில்லை. எங்கள் எச்சரிக்கை மேக்ரோ உள்ளுக்குள் தடிப்பும் தள்ளலுமாகத்தான் விரியும். வெளியே வரும்போது அந்தத் தோற்றம்தான் மிஞ்சியது, பெயர் போய்விட்டது. ஆவண வடிவங்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் பாண்டாக் இருக்கிறதே என்பவர்களுக்கு: அருமையான கருவி, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். யூனிக்ஸ் கட்டளைகளின் உதவிப் பக்கங்களான மேன் பக்கங்களை அது படிக்கும். எம்எஸ்ஸை எழுதத்தான் செய்யும், படிக்காது.

கைவசம் இருப்பது எம்எஸ் இல்லாமல் எம்டாக் என்ற இன்னொரு மேக்ரோ தொகுப்பில் எழுதிய மேன் பக்கங்கள் என்றால், மேலே சொன்ன எதுவும் வேண்டாம், நேராக மேன்டாக் என்ற நிரலுக்குப் போங்கள். கிறிஸ்டாப்ஸ் ஜோன்சன்ஸ் தொடங்கியது, ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் மேன் பக்கங்களைக் காட்டுவது அதுதான். கட்டளைத் தேர்வு, மதிப்பு, வேறு பக்கத்துக்கான சுட்டு என்று எம்டாக்கில் ஒவ்வொன்றுக்கும் தனி மேக்ரோ உண்டு. மேன்டாக் அவற்றை வகுப்புப் பெயராகவே ஹெச்டிஎம்எல்லில் கொண்டுவரும், சுட்டுகள் இணைப்பாகிவிடும். ஓபன்பிஎஸ்டியின் மேன் பக்கத் தளத்தைத் திறந்து மூலத்தைப் பாருங்கள், நான் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

மேக்ரோவிலிருந்து டேக் எடுப்பது ஏதோ ஒட்டு வேலை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஐபிஎம்மில் 1969 இல் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும் தொடங்கிய ஜிஎம்எல், ஸ்கிரிப்ட் என்ற வடிவமைப்பு நிரலின் மேக்ரோக்கள் மேல்தான் ஓடியது. அதிலிருந்து எஸ்ஜிஎம்எல் என்ற குறியீட்டு மொழித் தரம் வந்தது. செர்ன் ஆய்வகத்தில் புழங்கிய ஒரு எஸ்ஜிஎம்எல் டேக் தொகுப்பிலிருந்துதான் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ ஹெச்டிஎம்எல்லின் தலைப்பு, பத்தி, பட்டியல் டேக்குகளை எடுத்துக்கொண்டார். நாம் வலைப்பக்கத்தில் எழுதும் பி டேக்குக்கும் பழைய பத்தி மேக்ரோவுக்கும் உறவு அவ்வளவு நெருக்கம்.

மார்க்டவுன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. குறிப்பு எழுத, ரீட்மீ எழுத அதைவிட வசதி வேறு இல்லை. ஆனால் எச்சரிக்கை, இயல்பு மதிப்பு என்று பெயர் வைக்க அதன் அடிப்படை வடிவில் இடம் கிடையாது. ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு நீட்சி வைத்திருக்கும். கருவி மாறும்போது அந்த நீட்சிகளை எல்லாம் மறுபடி மாற்ற வேண்டும்.

இவ்வளவு எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த வேலை முடிந்து, கையேடு முழுவதும் வலையில் வந்தது. மென்பொருள் வாங்கும் செலவும் ஒப்பந்தக்காரருக்கான செலவும் மிச்சம். ஆண்டு மதிப்பீட்டில் எனக்கு எழுதப்பட்டது, "ஆங்கிலம் நன்றாக இருக்கிறது." மேக்ஃபைலும் பெர்ல் நிரலும் மேக்ரோ கோப்பும் பொறியியல் பணியாகக் கணக்கில் வராது, ஏனென்றால் நான் இருந்த பிரிவு ஆவணப் பிரிவு. நம் ஊரில் ஆவணம் எழுதுகிறவர் என்றால் இலக்கணம் திருத்துகிறவர் என்றே பல மேலாளர்கள் நினைக்கிறார்கள். கையேட்டைப் படித்துவிட்டு நள்ளிரவில் ஒரு கருவியைச் சரிசெய்பவருக்குத்தான் அந்த உழைப்பின் அருமை தெரியும். துறையிலேயே இது பழைய கதைதான். யூனிக்ஸ் என்றால் அதை உருவாக்கிய தாம்சனையும் ரிச்சியையும் சொல்கிறார்கள், சொல்லட்டும், தகுதியானவர்கள். ஆனால் பெல் ஆய்வகத்தின் காப்புரிமைத் துறைக்கு ஆவணம் தட்டச்சு செய்ய வசதி செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் யூனிக்ஸ் குழுவுக்கு பிடிபி-11 கணினி கிடைத்தது. டிராஃபை எழுதிய ஜோ ஒசான்னா 1977 இல் இறந்துபோனார். அவர் பெயரைக் கேள்விப்படாத கணினிப் பட்டதாரிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். முதலில் புள்ளியில் தொடங்கும் வரிகளை எல்லாம் கிரெப் கட்டளையால் தேடி எடுத்து, முதல் சொல்லை மட்டும் எடுத்து, எது எத்தனை தடவை வருகிறது என்று வரிசைப்படுத்துங்கள். பத்தி, தலைப்பு, பட்டியல், உங்கள் அலுவலகத்தின் சொந்த மேக்ரோ ஆகியவைதான் பெரும்பகுதி என்றால் நான் சொன்ன வழி நிச்சயம் ஓடும். டாட் எஸ்பி (இடைவெளி), டாட் ஐஎன் (உள்தள்ளல்), டாட் எஃப்டி (எழுத்துரு) போன்ற நேரடி வடிவமைப்புக் கட்டளைகள்தான் அதிகம் என்றால், எழுதியவர் பெயர் வைக்காமல் தோற்றத்தை மட்டும் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கோப்புகளை மட்டும் கையால் சீர்செய்யத்தான் வேண்டும். அப்போதும் மார்க்டவுனுக்குப் போகாமல் எம்எஸ்ஸிலேயே சீர்செய்யுங்கள், அச்சு வழி கெடாமல் இருக்கும். அட்டவணைகள் நிறைய இருந்தால் அந்தப் பட்டியலைக் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். டிராஃபின் அட்டவணைக் கருவியான டிபிஎல்லின் உள்ளீட்டை நேரடியாகப் படித்து ஹெச்டிஎம்எல் அட்டவணை ஆக்கும் முறையைத் தனியாக எழுதுகிறேன், அது இதைவிடக் கொஞ்சம் பெரிய வேலை.